ரிலீஜன், மதம், சமயம்: மூன்றும் ஒரே சொல்தானா?

"ரிலீஜன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மீண்டும் இணைதல் என்று பொருள், யோகம் என்ற வடசொல்லுக்கும் இணைதல் என்றே பொருள், ஆகவே இரண்டும் ஒன்றையே சொல்கின்றன" என்ற விளக்கத்தைச் சொற்பொழிவுகளிலும், கைப்பேசிக்கு வந்து சேரும் காலை வணக்கச் செய்திகளிலும் காணாதவர் குறைவு. இதற்கு எதிர்ப்பக்கத்து மேடையில், "யானைக்குப் பிடித்தாலும் மதம், மனிதனுக்குப் பிடித்தாலும் மதம்" என்ற வரி கைதட்டல் வாங்கும். முதல் விளக்கத்தில் பாதிதான் சரி. இரண்டாவது ஒரு சிலேடை. அதைச் சிலேடையாக ரசிக்கலாம், சொல்லின் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடவுள் உண்டா, எந்த மதம் சிறந்தது என்ற கேள்விகளுக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ரிலீஜன் என்ற சொல் எங்கே பிறந்தது, யார் யார் கையில் எப்படி மாறியது, தமிழில் அதற்கு ஈடாக நாம் வைத்திருக்கும் சொற்கள் அந்த வேலைக்கு வருவதற்கு முன் எதைக் குறித்தன என்பவற்றை மட்டுமே பார்க்கிறது.

எண்ணெயில் எள் எங்கே?

முதலில் நம் அடுக்களையிலிருந்து தொடங்கலாம். எண்ணெய் என்பது எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு ஏற்பட்ட பெயர் அது. இன்று தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்கிறோம். எவற்றிலும் எள் கிடையாது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வருபவர், "எள்ளே இல்லாத இதற்கு எண்ணெய் என்று எப்படிப் பெயர் வைத்தீர்கள்" என்று கேட்பதில்லை. நாற்றம் என்ற சொல்லும் அப்படியே. பழைய பாடல்களில் பூவின் மணத்தைக் குறித்த அது, இன்று மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடையைக் குறிக்கிறது.

ஒரு சொல் எந்த வேரிலிருந்து, எந்த வழியாக வந்தது என்று ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். அது சொல்லின் பிறந்த ஊரைக் காட்டும். அந்தச் சொல் இப்போது எங்கே குடியிருக்கிறது, என்ன தொழில் செய்கிறது என்பதை வேர் காட்டாது. அதற்கு மக்கள் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். "வேர் இது, ஆகவே உண்மைப் பொருள் இதுதான்" என்று முடிவு கட்டுவது, மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவதற்குச் சமம். ரிலீஜன் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

லத்தீனில் இரண்டு வேர்கள்

ஆங்கிலத்தின் ரிலீஜன், பிரெஞ்சு வழியாக லத்தீன் மொழியின் ரெலிகியோ என்ற சொல்லிலிருந்து வந்தது. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரெலிகியோ எதிலிருந்து வந்தது என்று கேட்டால்தான் சண்டை தொடங்குகிறது. அந்தச் சண்டைக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகள்.

ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ, கி.மு. 45இல் தெய்வங்களின் இயல்பு பற்றி எழுதிய நூலில் முதல் விளக்கம் இருக்கிறது. அதன்படி இந்தச் சொல் ரெலெகெரெ என்ற வினையிலிருந்து வந்தது. லெகெரெ என்றால் பொறுக்குதல், சேகரித்தல், படித்தல். முன்னால் சேரும் 'ரெ' மீண்டும் என்ற பொருளைத் தருகிறது. தெய்வ வழிபாட்டுக்குரிய ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஒன்றும் விட்டுப்போகாமல் கவனமாகச் செய்கிறவரை அந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பது அவருடைய விளக்கம். நமக்குப் பழகிய இன்டெலிஜென்ட், எலிகன்ட், டிலிஜென்ட் ஆகியவற்றின் லத்தீன் மூலங்களையும் அவர் அதே வரிசையில் வைத்து, இவை எல்லாவற்றிலும் தேர்ந்தெடுத்துப் பொறுக்கும் அதே வேர் இருக்கிறது என்கிறார். கவனக்குறைவைக் குறிக்கும் நெக்லிஜென்ஸ் என்ற சொல்லிலும் அந்த வேரே எதிர்மறையாக நிற்கிறது.

இரண்டாவது விளக்கம் ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு கழித்து வருகிறது. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ், சிசரோ சொன்னதைத் தவறு என்று வெளிப்படையாகவே மறுத்தார். சொல் ரெலிகாரெ, அதாவது கட்டுதல், பிணைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பக்தி என்ற கயிற்றால் நாம் கடவுளோடு கட்டப்பட்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள் என்றார். கிரிக்கெட் வீரருக்கு முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது என்று செய்தியில் படிக்கிறோமே, எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் அந்த நாரின் பெயரில் இருப்பது இந்த வேர்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரெலிகாரெ என்ற வினையில் உள்ள 'ரெ' என்பது 'மீண்டும்' என்பதைவிடப் 'பின்னால்', 'இறுக' என்ற சாயலையே பெரும்பாலும் தரும். கூந்தலைப் பின்னால் இழுத்துக் கட்டுவதற்கும், படகைக் கரையோடு பிணைப்பதற்கும் லத்தீன்காரர்கள் அந்த வினையைப் பயன்படுத்தினார்கள். லாக்டான்டியஸ் பேசியது கடவுளோடு கட்டுண்டு இருப்பதைப் பற்றி. முன்பு ஒன்றாக இருந்து, பிரிந்து, மறுபடியும் சேர்வது என்ற கதை அவர் விளக்கத்தில் இல்லை. அதற்கு நெருங்கிய ஒன்றைச் சொன்னவர் புனித அகுஸ்தினார். அலட்சியத்தால் இழந்த கடவுளை மறுபடியும் தேர்ந்துகொள்வது என்று ஓரிடத்தில் விளக்கிய அவர், வேறோர் இடத்தில் கட்டுதல் என்ற விளக்கத்தையும் விரும்பி ஏற்றிருக்கிறார். ஒரே ஆசிரியர் இரண்டு விளக்கங்களையும் கையாண்டார் என்பதே, வேரைவிடத் தாம் சொல்ல வந்த போதனைதான் அவருக்கு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. நம் காலத்து யோக ஒப்பீட்டிலும் நடப்பது இதுதான்.

யார் சொன்னது சரி?

சொல்லின் வடிவம் சிசரோவின் பக்கம் சற்றுச் சாய்கிறது. லெகெரெ என்ற வினையிலிருந்து லெகியோ (படைப்பிரிவு) பிறக்கிறது, ரெகெரெ என்ற வினையிலிருந்து ரெகியோ (எல்லை, வட்டாரம்) பிறக்கிறது. அதே அச்சில் ரெலெகெரெயிலிருந்து ரெலிகியோ வருவது இயல்பு. ரெலிகாரெயிலிருந்து வந்திருந்தால் ரெலிகாட்டியோ என்ற வடிவத்தை எதிர்பார்ப்போம். ஆனால் இந்த வாதம் முற்றும் முடிந்ததல்ல. கருதுதல் என்ற பொருளுடைய ஒபினாரி என்ற வினையிலிருந்து ஒபினியோ பிறந்திருக்கிறது. அதுபோலவே இதுவும் பிறந்திருக்கலாம் என்று மறுபக்கத்தார் சொல்வார்கள்.

அவர்களிடம் இன்னொரு சான்றும் இருக்கிறது. சிசரோவின் காலத்திலேயே வாழ்ந்த கவிஞர் லுக்ரீஷியஸ், ரெலிகியோவின் முடிச்சுகளிலிருந்து மனத்தை அவிழ்த்து விடுவதே தம் வேலை என்று பாடினார். முடிச்சு என்றால் கட்டு இருக்க வேண்டுமல்லவா? லாக்டான்டியஸ் தமக்குச் சாட்சியாகக் காட்டுவது இந்த வரியைத்தான். தெய்வ பயத்தைச் சாடிய கவிஞரின் வரி, தெய்வத்தோடு கட்டுண்டிருப்பதைப் போற்றுகிறவருக்குச் சாட்சி சொல்ல வந்தது இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்குப் பிடித்த வேடிக்கை.

சிசரோவுக்குத் துணையாக ஒரு பழைய செய்யுளடி நிற்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஔலஸ் கெல்லியஸ் என்பவர் எடுத்துக்காட்டிய அந்த அடியின் கருத்து, "ரெலிகென்ஸாக இருக்க வேண்டும், ரெலிகியோஸஸாக ஆகிவிடக் கூடாது" என்பது. ஆசாரம் வேண்டும், ஆனால் ஆசாரமே பித்தாகிவிடக் கூடாது என்று நாம் சொல்வது போல. ரெலிகென்ஸ் என்ற வடிவம் கட்டுதல் என்ற வினையிலிருந்து வர வழியில்லை. கவனமாகத் திரும்பப் பார்த்தல் என்ற வினையிலிருந்தே வர முடியும். என் கணிப்பில் சிசரோவின் பக்கமே கனம் அதிகம். ஆனாலும் எதையும் இந்தக் கணிப்பின் மேல் கட்டுவது நல்லதில்லை. எள்ளா கொப்பரையா என்று தீர்மானித்துவிட்டால் மட்டும் சமையல் முடிந்துவிடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரிலீஜனின் லத்தீன் மூலத்துக்கு இரண்டு வேர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று கவனமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தல், மற்றொன்று கட்டுதல். 'கடவுளோடு மீண்டும் இணைதல்' என்பது பின்னால் ஏற்றிய விளக்கம்.

ரோமானியர் எதைக் குறித்தார்கள்?

விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டார் உப்பு கேட்டு வந்தால், கொடுக்கலாமா என்று ஒரு பாட்டி தயங்குகிறார். உப்பு வீட்டில் இருக்கிறது, கேட்டவர் வேண்டியவர், கொடுக்கவும் ஆசைதான். ஆனால் கை எழவில்லை. அந்தத் தடுப்புணர்வுக்கு ரோமானியரின் சொல் ரெலிகியோ. "இதைச் செய்ய எனக்கு ரெலிகியோவாக இருக்கிறது" என்று அவர்களால் சொல்ல முடியும். நாம் அதை "மனம் ஒப்பவில்லை, ஏதோ குற்றமாகிவிடும் போலிருக்கிறது" என்று மொழிபெயர்ப்போம். மதம் என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே நிற்காது.

நாட்களுக்கும் அது உண்டு. ஜூலை 18ஆம் நாள் ரோமானியருக்கு ரெலிகியோஸஸ் நாள். முன்னொரு காலத்தில் அல்லியா ஆற்றங்கரையில் 'கால்' (Gaul) என்ற இனத்தாரிடம் அவர்கள் படுதோல்வி அடைந்த நாள் அது. அன்று புதிய காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். நம் நாட்காட்டியில் கரிநாள் என்று குறித்து வைத்திருப்பதை ஒருவர் அவர்களுக்குக் காட்டியிருந்தால், விளக்கம் இல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்கள். இடத்துக்கும் அது உண்டு. சட்ட அறிஞர் கையஸ் எழுதியபடி, மேலுலகத் தெய்வங்களுக்கு அர்ப்பணித்த பொருள் ஒரு வகை. பிணத்தைப் புதைத்த நிலம் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கே ரெலிகியோஸஸ் என்ற அடை. சத்தியம் செய்த படைவீரனைக் கட்டுப்படுத்தும் உணர்வுக்கும் அதே சொல்தான்.

ஒரு சடங்கில் பிழை நேர்ந்தால் அதை முதலிலிருந்து திரும்பச் செய்யும் வழக்கமும் ரோமில் இருந்தது. தெய்வத்துக்காக நடத்திய விளையாட்டு விழாவைக்கூட மறுபடியும் நடத்தியிருக்கிறார்கள். அங்கே முக்கியக் கேள்வி, "நீ எதை நம்புகிறாய்" என்பதல்ல, "முறைப்படி செய்தாயா" என்பது. நம்பிக்கையே இல்லாமல் இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்தச் சொல் பிடித்துக்காட்டியது மனிதனின் கவனத்தையும் தயக்கத்தையும் கடமையையும்தான். அதனால்தான் "நீ எந்த ரெலிகியோவைச் சேர்ந்தவன்" என்று ஒரு ரோமானியர் இன்னொருவரை விசாரிப்பதை நாம் காண்பதில்லை.

உண்மையும் துறவும்

கிறித்தவம் ரோமப் பேரரசில் வேரூன்றியபோது இந்தப் பழைய சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. அப்போதுதான் அதோடு 'உண்மையான', 'பொய்யான' என்ற அடைகள் உறுதியாக ஒட்டின. தயக்கம் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கலாம். தயக்கத்தில் உண்மைத் தயக்கம், பொய்த் தயக்கம் என்று பிரிக்க இடம் இல்லை. உண்மையான கடவுளுக்குச் செய்யும் உண்மையான வழிபாடு என்ற கருத்து வந்தவுடன், சொல்லின் எடை கையிலிருந்து நெஞ்சுக்கு நகர்கிறது. அகுஸ்தினார் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு நூலின் தலைப்பே உண்மையான ரெலிகியோ பற்றியது.

ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் சொல் நாம் எதிர்பார்க்கும் திசையில் நேராகப் போகவில்லை. ஆங்கிலத்தில் அது முதலில் நுழைந்தபோது, விரதம் பூண்டு மடத்தில் வாழும் வாழ்க்கை என்ற பொருளே முன்னால் நின்றது. 'ரிலீஜனுக்குள் போனான்' என்றால் மதம் மாறினான் என்று பொருள் இல்லை. துறவியாகி மடத்தில் சேர்ந்தான் என்று பொருள். கத்தோலிக்கத் திருச்சபையில் துறவற சபைகளைச் சேர்ந்த அருட்சகோதரிகளை இன்றும் ஆங்கிலத்தில் ரிலீஜியஸ் என்றே குறிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில், ஊரில் பங்குச் சாமியாராக இருப்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஏதேனும் ஒரு துறவற சபையில் சேர்ந்தவரானால்தான் வருவார்.

ஒன்று பலவானது எப்படி?

16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியக் கிறித்தவம் பிளவுபட்டது. ஒரே ஊரில் இரண்டு தரப்பும் தங்களுடையதே உண்மையான ரெலிகியோ என்று வாதாடின, பிறகு வாளெடுத்தன. 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஜெர்மானிய நாடுகளில் ஒவ்வோர் ஆட்சியாளரும் கத்தோலிக்கத்தையோ, அதிலிருந்து பிரிந்த லூத்தரின் வழியையோ தேர்ந்துகொள்ளலாம். ஒப்பாத குடிமக்கள் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் புதுமையைப் பாருங்கள். ரெலிகியோ என்பது இப்போது ஒரு நாட்டுக்கு ஒன்று என்று ஒதுக்கக்கூடிய, பெயரிடக்கூடிய, கோட்பாட்டு அறிக்கை உடைய ஓர் அமைப்பு. மனிதனுக்குள் இருந்த உணர்வு, மனிதன் சேர்ந்திருக்கும் முகாமாகிவிட்டது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தன. கண்ட மக்களையெல்லாம் அடுக்கிவைக்க அலமாரி தேவைப்பட்டது. 1614இல் லண்டனில் வெளிவந்த எட்வர்ட் பிரியர்வுட்டின் நூல், உலகில் நான்கு வகைதான் உண்டு என்றது: கிறித்தவம், யூதம், இஸ்லாம், உருவ வழிபாடு. ஸ்ரீரங்கமும் சீனத்துக் கோயில்களும் அமெரிக்கப் பழங்குடிகளின் பலிபீடங்களும் அந்த நான்காவது அறைக்குள் ஒன்றாகத் திணிக்கப்பட்டன. அந்த அறையைத் திறந்து உள்ளே இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிடும் வேலை அடுத்த இருநூறு ஆண்டுகள் நடந்தது. 'இந்துயிசம்' என்ற ஆங்கிலச் சொல் 1780களில் தலைகாட்டுகிறது. 1816இல் ராம்மோகன் ராய் அதைத் தம் எழுத்தில் பயன்படுத்துகிறார். பௌத்தத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரும் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

சிலர் இதைக் கேட்டவுடன், "அப்படியென்றால் அதற்கு முன் இந்து மதமே இல்லை, வெள்ளைக்காரன் உண்டாக்கியது" என்று தாவுவார்கள். நிதானம் தேவை. சிதம்பரமும் திருப்பதியும் திருமுறைகளும் திவ்வியப் பிரபந்தமும் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. புதிதாக வந்தது, பலவற்றையும் ஒரே தலைப்பின் கீழே கட்டி, கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் இணையான ஓர் அலகாக எண்ணும் வழக்கம்.

மறுபடியும் சுருக்கம்: ரோமில் தயக்கமும் கவனமும், திருச்சபையில் உண்மையான வழிபாடு, மடத்தில் துறவு, பிளவுக்குப் பின் போட்டியிடும் அமைப்புகள். ஒரே சொல்லுக்கு நான்கு குடியிருப்புகள்.

தமிழின் மதமும் சமயமும்

இனி நம் பக்கம். மதம் என்பது 'மன்' என்ற வடமொழி வினையடியிலிருந்து வந்தது. அதற்கு எண்ணுதல் என்று பொருள். மனம், மந்திரம் ஆகியவற்றுக்கும் அதே அடிதான். எண்ணப்பட்டது, கருத்து, கொள்கை என்பவையே மதத்தின் பழைய பொருள். நாள்தோறும் நாம் சொல்லும் 'சம்மதம்' என்ற சொல்லுக்குள் இந்த மதம் உட்கார்ந்திருக்கிறது: கருத்து ஒன்றுபடுதல். நன்னூலின் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு பகுதி உண்டு. பிறர் கருத்தை உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல் என்று நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளை அது வரிசைப்படுத்துகிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தவர்கள், அங்கே கோயிலுக்கும் வழிபாட்டுக்கும் இடமே இல்லை என்பதை நினைவுகூரலாம்.

யானைக்குப் பிடிப்பது வேறு சொல். அது வெறி, களிப்பு என்ற பொருளுடைய 'மத்' என்ற அடியிலிருந்து வந்தது. வடமொழியில் ஒன்று வல்லின ஓசையிலும் மற்றொன்று மெல்லோசையிலும் ஒலிக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே தகரம் என்பதால் எழுத்திலும் உச்சரிப்பிலும் வேறுபாடு மறைந்துவிட்டது. சிலேடை பிறந்தது அப்படித்தான்.

சமயம் என்பதன் உள்ளே 'ஒன்றுகூடி வருதல்' இருக்கிறது. அதிலிருந்து உடன்பாடு, வழக்கம், கொள்கை ஆகிய பொருள்களும், காரியங்கள் கூடிவரும் நேரம் என்ற பொருளும் கிளைத்தன. 'நல்ல சமயத்தில் வந்தீர்கள்' என்பதிலும் 'சைவ சமயம்' என்பதிலும் ஒரே சொல்தான். சமயோசிதம் என்பது நேரத்துக்கு உரியதைச் செய்யும் அறிவு. பக்தியோடு அதற்குத் தொடர்பில்லை.

சமயம் பழைய தமிழில் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு மணிமேகலையின் 27ஆம் காதை நல்ல சான்று. சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை என்பது அதன் பெயர். வஞ்சி நகரில் மணிமேகலை, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வரிசையின் கடைசியில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் போதை பிறப்பதுபோல், பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. இம்மைக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்கிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் சமயக்கணக்கர் கூட்டத்திலிருந்து காப்பியம் அவனை விலக்கவில்லை. கண்ணால் காண்பதே மெய் என்பவனுக்கும் சமயம் உண்டு. ஏனென்றால் அங்கே சமயம் என்பது வாதிட்டு நிறுவ வேண்டிய கொள்கை.

இந்தப் பொருள் நெடுங்காலம் நீடித்தது. 1873இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் ஆற்றிய பேருபதேசத்தில், சைவம், வைணவம் முதலியவற்றைச் சமயங்கள் என்றும், வேதாந்தம், சித்தாந்தம் முதலியவற்றை மதங்கள் என்றும் தனித்தனியே குறிப்பிட்டு, இரண்டிலுமே இலட்சியம் வைக்க வேண்டாம் என்கிறார். இன்று வேதாந்தத்தை ஒரு மதம் என்று சொன்னால் கேட்பவர் விழிப்பார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது இயல்பான தமிழ்.

மொழிபெயர்ப்பில் ஏறிய சுமை

ஆங்கில ஆட்சியும் அச்சும் பள்ளியும் வந்தபோது, ரிலீஜன் என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. மதமும் சமயமும் அந்த இடத்துக்கு அமர்த்தப்பட்டன. ஆனால் எல்லோரும் உடனே அவற்றை ஏற்கவில்லை என்பதற்குப் பேச்சுத் தமிழில் தடயங்கள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் தங்களுடையதை 'மார்க்கம்' என்கிறார்கள்: வழி. தென்மாவட்டங்களில் கிறித்தவர்களை 'வேதக்காரர்கள்' என்றும், தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்றும் சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான கிறித்தவ போதனை நூலுக்குத் தமிழில் வைத்த பெயர் 'தம்பிரான் வணக்கம்'. வழி, மறை, வணக்கம் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கத்தைப் பிடிக்கிறது. சிசரோ இருந்திருந்தால் வணக்கம் என்பதையே தேர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானுக்கும் இதே சிக்கல் வந்தது. 1858இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் அமெரிக்கர்கள் தங்கள் ரிலீஜனைப் பின்பற்ற உரிமை உண்டு என்று ஒரு விதி இருந்தது. அதற்கு நேரான ஜப்பானியச் சொல் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்கள் பல சொற்களை மாற்றி மாற்றி முயன்றார்கள். பௌத்த நூல்களில் பிரிவின் போதனை என்ற பொருளில் வழங்கிய 'ஷூக்யோ' 1870களில் அந்த இடத்தைப் பிடித்தது.

இன்றைய தமிழ், வந்த சுமையை இரண்டு சொற்களுக்கும் வேறு வேறாகப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. மதக்கலவரம், மதவெறி, மதமாற்றம் என்கிறோம். சமயக்குரவர், சமயச் சொற்பொழிவு, இந்து சமய அறநிலையத் துறை என்கிறோம். இடம் மாற்றிப் போட்டால் காது ஒப்பவில்லை. எண்ணுவதைக் குறித்த சொல் மோதலின் பக்கமும், கூடுவதைக் குறித்த சொல் மரியாதையின் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, வழக்கில் படிந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்

சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாதபடி இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. உடுப்பியின் சிரூர் மடத்துக்கும் சென்னை மாகாணத்தின் இந்து அறநிலைய ஆணையருக்கும் இடையிலான வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் ரிலீஜன் என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அரசியலமைப்பு அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் சொல்லை வரையறுக்கவில்லை. படைத்தவனோடு மனிதனுக்குள்ள உறவு பற்றிய கருத்தே ரிலீஜன் என்ற ஓர் அமெரிக்கத் தீர்ப்பின் வரையறை முன்வைக்கப்பட்டபோது, நீதிமன்றம் அதைப் போதுமானதாக ஏற்கவில்லை. கடவுளையோ மூலகாரணத்தையோ ஏற்காத பௌத்தமும் சமணமும் இந்தியாவில் நன்கு அறியப்பட்டவை என்று சுட்டியது. கோட்பாடு மட்டும் அன்றிச் சடங்கு, வழிபாட்டு முறை, உணவு, உடை பற்றிய விதிகளும் அதில் அடங்கலாம் என்றது. மணிமேகலையின் அகலத்தில் ஒரு பகுதியும், ரோமானியரின் முறைப்படி செய்தலும் அந்தத் தீர்ப்பில் திரும்பி வந்திருக்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. 1871–72இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்து ஒவ்வொருவரிடமும் மதம் எது என்று கேட்டு வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பதில்தான் எழுத முடியும். 2011 கணக்கெடுப்பில் ஆறு மதங்களுக்குத் தனிக் குறியீடு இருந்தது. அந்த ஆறில் எதிலும் சேராமல், ஜார்க்கண்டிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் வாழும் பழங்குடி மக்களில் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'சர்னா' என்று எழுதச் செய்தார்கள். தங்களுக்கும் தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானமும் நிறைவேற்றியது. சர்னா என்பது ஒரு கோட்பாட்டின் பெயரோ நிறுவியவரின் பெயரோ இல்லை. ஊர் ஓரத்தில் வெட்டாமல் விட்டு வைத்து, பூசை செய்யும் சால் மரத்தோப்புக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. படிவம் ஒரு பெயர் கேட்டது, அவர்கள் தோப்பின் பெயரைச் சொன்னார்கள்.